மறுமொழி: ‘அசல்தன்மை’ என்ற ஒரு சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய காற்றுத் துவக்குகளை (எயார் ரைபிள்களை) மதிப்பிட ‘அசல்தன்மை’ என்ற ஒரே சொல் போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

தாத்தா இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலை பெக்டரியில் பிட்டராக (இயந்திரம் பழுதுபார்ப்பவராக) இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தன் ஊருக்குக் கிளம்பிய தோட்டத்துரை (தோட்ட நிர்வாகி) ஒருவர் தன் பி.எஸ்.ஏ. எயார் ரைபிளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவர் வடிவமைத்து, இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. என்ற துவக்குக் கம்பனி 1905 முதல் செய்துவந்த வகை. குழலுக்கு அடியில் உள்ள நெம்பை இழுத்து ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் குழல் பழுப்பேறிக் கிடந்தது. நான்தான் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, ஒரு பட்டறையில் கொடுத்துக் கருநீலம் ஏற்றி எடுத்தேன். பளபளவென்று வந்தது.

அப்புறம் ஒரு சேகரிப்பாளர் பார்க்க வந்தார். கம்பனி முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். மூன்று துவக்குகளைக் கூம்பாகச் சாத்திவைத்த அந்த முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. திருகாணித் துளைகளின் விளிம்பும் குழிந்திருந்தது. ஆனால் அதன் திருகாணிகளில் ஒன்றுகூட மாறவில்லை. அப்படியானால் அது அசலா, இல்லையா?

இரண்டு கேள்விகள் இதில் கலந்து கிடக்கின்றன. மேற்பரப்பு பழையபடி இருக்கிறதா என்பது ஒன்று. பாகங்கள் ஒன்றாகப் பிறந்தவையா என்பது மற்றது. முதலாவதற்கு ‘அசல்மேனி’ என்று முன்மொழிகிறேன். மேனி என்றால் தோலும் நிறமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். கைபட்டுப் பழுத்த பழுப்பும் அதற்குள் அடங்கும். தேய்த்துப் புதுப்பித்தது ‘மறுமேனி’. சந்தையில் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். போன மேனியைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

குழலுக்குக் கருநீலம் ஏற்றுவதைச் சொல்லும் ‘நீலப்பூச்சு’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். அது பூசுவதல்ல. உருக்கின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு ஒட்சைட்டாக மாற்றுவது. மெருகேற்றல் மாதிரி ‘நீலமேற்றல்’ என்பதே சரி.

இரண்டாவதற்கு ‘உடன்பாகம்’. உடன்பிறந்த பாகம் என்பதன் சுருக்கம். வேறொரு துவக்கிலிருந்து கழற்றிப் பூட்டியதற்கு ஒரு நண்பர் ‘வந்தேறிப் பாகம்’ என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தச் சொல் வேண்டாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தச் சொல்லை எங்கள் மேல் எறியக் கேட்டு வளர்ந்தோம். ஒரு கலைச்சொல்லாக அதை என்னால் எழுத முடியாது. மாங்கன்றில் ஒட்டு வைப்பதுபோல ‘ஒட்டுப்பாகம்’ என்போம். புதிதாகச் செய்து பூட்டியது ‘மாற்றுப்பாகம்’.

ஒன்றை மறக்கக்கூடாது. பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வொஷரும் ஸ்பிரிங்கும் தேய்ந்து மாறுவதற்கென்றே உள்ளவை. அவற்றை மாற்றியதால் மதிப்பு பெரிதாகக் குறையாது. இவற்றுக்குத் ‘தேய்பாகம்’ என்று தனிச்சொல் இருந்தால், விற்பவரும் வாங்குபவரும் வீணாகச் சண்டை பிடிக்க மாட்டார்கள். கழற்றிய பழையதைத் தூக்கி வீசாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். தாத்தா வைத்திருந்தார்.

இந்தச் சொற்களில் எங்கள் துவக்கை இப்படி எழுதலாம்: “பி.எஸ்.ஏ., அடிநெம்பு வகை. மறுமேனி, முத்திரை மழுங்கியது. திருகாணிகள் அனைத்தும் உடன்பாகம். தேய்பாகங்கள் மாற்றப்பட்டவை, பழையவை உடன் உண்டு.”

‘அடிநெம்பு’ மட்டும் எனக்கு இன்னும் சரியாக ஒட்டவில்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள்.