ஜீப்ராமேன்: பாதியில நிறுத்திட்டேன், மிச்சத்தைப் பார்க்கலாமா?

அரைடிக்கெட்:

தகாஷி மீகே எடுத்த 'ஜீப்ராமேன்' (2004) பார்க்க உட்கார்ந்தேன். சூப்பர்ஹீரோ காமெடின்னு ஒருத்தர் சொல்லித்தான் போட்டேன். முக்கால் மணி நேரம் போச்சு, பவரும் காணோம், சிரிப்பும் காணோம். ஒரு வாத்தியார். வகுப்புல பசங்க மதிக்கிறதில்ல. பெண்டாட்டிக்கு வேற சகவாசம். பொண்ணு அப்பா வயசு ஆளுங்களோட சுத்துது. அதே பள்ளிக்கூடத்துல படிக்கிற பையன், இந்த வாத்தியாருக்கு மகனாப் பொறந்த பாவத்துக்கு அடி வாங்குறான். மனுஷன் ராத்திரியானா தனியா உட்கார்ந்து வரிக்குதிரை டிரஸ் தைக்கிறார். சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம நிறுத்திட்டேன்.

மிச்சத்தைப் பார்க்கலாமா? நாலாவது படிக்கிற என் பையனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பார்க்கலாமா? இதே மீகேயோட பயங்கரப் படம் 'ஆடிஷன்' பார்த்ததுலேர்ந்து ஊசியைக் கண்டாலே ஒரு மாதிரி ஆகுறவன் நான், அதான் முன்கூட்டியே கேட்டுக்கிறேன்.

கடைசிபெஞ்சு:

ஓட்டிவிடுங்க பாஸ். நண்டு மூஞ்சி ஒருத்தன் வருவான், அங்க நிறுத்துங்க. படமே அங்கேர்ந்துதான்.

பழையகேசட்:

கடைசிபெஞ்சு பேச்சைக் கேட்காதீங்க. ஓட்டிவிட்டா நண்டு மூஞ்சி வெறும் நண்டு மூஞ்சிதான்.

நீங்க சிரிக்காததுல தப்பில்ல. அந்த முக்கால் மணி நேரத்துல ஒரு பெரிய ஜோக் ஓடிக்கிட்டிருக்கு, ஆனா அது ஜப்பான்காரனுக்குத்தான் உடனே புரியும். ஹீரோ ஷோ ஐகாவா யாருங்கறதுதான் அந்த ஜோக். தோயேங்கற சினிமா கம்பெனி 1989-ல 'வி-சினிமா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சது. தியேட்டர் பக்கமே போகாம நேரா வீடியோ கடைக்குப் போற படங்கள். அந்த உலகத்துல யகுசாவா, அதாவது ஜப்பான் தாதாவா, முறைச்சு, சுட்டு, செத்து, திரும்ப அடுத்த கேசட்ல எழுந்து வந்து பேர் வாங்கின மனுஷன் ஐகாவா. மீகேயே 1999-ல அவரை வச்சு 'டெட் ஆர் அலைவ்' எடுத்தார். அதோட க்ளைமாக்ஸைப் பார்த்தவங்க இன்னும் வாயை மூடலை. அப்பேர்ப்பட்ட ஆள் ஹீரோவா நடிக்கிற நூறாவது படம்னு சொல்லித்தான் ஜீப்ராமேனை விளம்பரமே பண்ணாங்க. நூறாவது படம்னா ரசிகன் என்ன நினைச்சுக்கிட்டு வந்திருப்பான்? வந்து பார்த்தா தலைவர் தோளைக் குறுக்கிக்கிட்டு, சொந்த வீட்டுலயே யாரும் முகம் கொடுக்காம உட்கார்ந்திருக்கார். கரகரக் குரல் மட்டும் அதே யகுசா குரல். இதைத் தெரிஞ்சுக்கிட்டு முதல் பத்து நிமிஷத்தைத் திரும்பப் போடுங்க, அழுகை கொஞ்சம் குறையும்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம். ஜப்பான்ல தொடக்கப் பள்ளியில ஒரு வகுப்புக்குப் பெரும்பாலான பாடத்தை ஒரே ஆசிரியர்தான் எடுப்பார். மதியச் சாப்பாடும் அதே வகுப்பறையில, அதே பசங்களோட. மணி அடிச்சதும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடித் தப்பிக்கிற வழியெல்லாம் அவருக்குக் கிடையாது. மதிக்காத பசங்க முகத்துலயே நாள் பூரா முழிக்கணும். அதனாலதான் சக்கர நாற்காலியில புதுசா வந்து சேர்ற அசானோங்கற பையன் அவ்வளவு முக்கியமாகுறான். 'ஜீப்ராமேன்'ங்கற பேர்ல வந்து ஏழு எபிசோடோட நின்னுபோன ஒரு பழைய டிவி தொடரைப் பத்தி, தான் பொறக்குறதுக்கு முன்னாடி வந்ததைப் பத்தி, அவனுக்கு எல்லாம் தெரியுது. வாத்தியாருக்கும் தெரியுது. ரெண்டு பேரும் அதைப் பேச ஆரம்பிக்கிற இடத்துல ஐகாவா முகத்தைப் பாருங்க. படத்துல முதல் தடவையா அவருக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியை ஒருத்தன் கேட்கிறான்.

அந்தக் கற்பனைத் தொடர் வந்த வருஷம் 1978-ன்னு வச்சதும் சும்மா இல்ல. கதை எழுதின கன்குரோ குடோ விஷயம் தெரிஞ்ச ஆள். ஜப்பான்ல இந்த வேஷம் போட்ட ஹீரோக்களோட பொற்காலம் அதுக்கு முன்னாடி. அல்ட்ராமேன் 1966, கமென் ரைடர் 1971, அஞ்சு பேர் அஞ்சு கலர்ல வர்ற கோரேஞ்சர் 1975. அப்புறம் அலை வத்திப்போச்சு. கமென் ரைடர் 1975 கடைசியில நின்னு 1979-லதான் திரும்பினான். அல்ட்ராமேனும் 1975-ல ஓய்ஞ்சு, 1979-ல கார்ட்டூனாத்தான் வந்தான். ஸ்டார் வார்ஸ் ஜப்பான் தியேட்டருக்கு வந்து இறங்கினது சரியா 1978-ல. (அதே வருஷம் தோயே ஸ்பைடர்மேனுக்கு ஒரு ராட்சத ரோபோவைக் கொடுத்து டிவியில விட்டாங்க. அது தனிக் கூத்து, இன்னொரு நாள் பேசுவோம்.) அந்த நேரத்துல வரிக்குதிரை ஹீரோ ஏழு வாரம் தாக்குப் பிடிச்சதே பெருசு. படத்துல வர்ற அந்தத் தொடரோட டைட்டில் பாட்டைப் பாடினவர் இச்சிரோ மிசுகி, 1972-ல 'மாஸிங்கர் இஸட்'ங்கற ரோபோ கார்ட்டூனுக்குப் பாடின அதே தொண்டை. கிண்டல் பண்ற படம்னா அவ்வளவு மெனக்கெட மாட்டாங்க.

தையல் விஷயத்துக்கு வர்றேன், எனக்குப் பிடிச்சதே அதுதான். மத்த சூப்பர்ஹீரோ படத்துல டிரஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னே சொல்ல மாட்டாங்க. இங்க வரி வரியா உட்கார்ந்து தைக்கணும், போட்டுப் பார்க்கணும். ஆள் இல்லாத நேரத்துல அதை மாட்டிக்கிட்டு, "என் பின்னால நிக்காதே!"ன்னு டயலாக் விட்டு, குதிரை மாதிரி காலைப் பின்னால உதைச்சுப் பழகுறார். அதை அசானோகிட்டக் காட்டலாம்னு தெருவுல இறங்குறார், அவ்வளவுதான் அவரோட திட்டம். உலகத்தைக் காப்பாத்துறதெல்லாம் மனசுலயே இல்ல. எதிர்ல நண்டு முகமூடி போட்டு, ரெண்டு கையிலயும் பெரிய கத்தரியோட ஒருத்தன் வந்து நிக்கிறான். அது அகிரா எமோட்டோ, பழுத்த நடிகர், கொஞ்சம்கூடச் சிரிக்காம நடிச்சிருக்கார். அந்தச் சண்டையில பாதி வீரம், பாதி பயத்துல கை காலை உதறுறது. டிரஸ் எப்படி உருவாச்சுன்னு பார்த்தவனுக்குத்தான் அங்க நெஞ்சு அடைக்கும். அதுக்குத்தான் ஓட்டாதீங்கன்னு சொன்னேன்.

பையன் விஷயம். 'ஆடிஷன்' மாதிரி எதுவும் இல்ல, ஊசி பயம் வேண்டாம். ஆனா நண்டுக்காரன் ஆளைக் கொல்றவன், பொண்ணு கதை நாலாவது படிக்கிறவனுக்கு விளக்குற கதை இல்ல. அசானோவோட அம்மாவா வர்ற கியோகா சுசுகி, வாத்தியார் கனவுல 'ஜீப்ரா நர்ஸ்'னு ஒரு டிரஸ்ல வருவாங்க. பக்கத்துல பையன் இருந்தா ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். முதல்ல தனியாப் பாருங்க. அவன் எட்டாவது வரட்டும்.

சும்மாசொல்றேன்:

கேசட் அண்ணன் ரொம்ப உருகுறார். நானும் பார்த்தேன். வாத்தியார் பகுதி அருமை, ஒத்துக்கிறேன். ஆனா அந்த அரசாங்க ஏஜென்ட்டுங்க வர்றப்பல்லாம் படம் படுத்துக்குது. பச்சைக் கூழா வேற்றுக்கிரகவாசிங்க, அந்த கிராஃபிக்ஸைப் பார்த்துட்டு உண்மையிலயே 2004-ல வந்த படமான்னு செக் பண்ணேன். 115 நிமிஷம் எதுக்கு? ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிருந்தா கொண்டாடியிருக்கலாம்.

பழையகேசட்:

ஏஜென்ட் பகுதியை நானும் காப்பாத்த மாட்டேன். அட்சுரோ வதாபே நல்ல நடிகர், அவருக்கு அங்க வேலையே இல்ல.

பச்சைக் கூழ் வேற விஷயம். அதுங்க ஒளிஞ்சிருக்கிற இடம் எதுன்னு பார்த்தீங்கள்ல? அவரை ஒருத்தரும் மதிக்காத அதே பள்ளிக்கூடம். அதுவும் ஏழு வாரத்துல மூட்டை கட்டின தொடர்ல இருந்து இறங்கி வர்ற ஆபத்து, தொடரோட பட்ஜெட்லதான் வரும். ரொம்ப அழகா இருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இதைச் சொல்லி எல்லா ஷாட்டுக்கும் சப்பைக்கட்டு கட்ட முடியாது, சிலது நிஜமாவே மோசம். ஆனா பறக்குறது பத்தி வர்ற கடைசிப் பகுதியில எனக்கு கிராஃபிக்ஸ் கண்ணுலயே படலை. மேல சொன்னா அரைடிக்கெட் என்னைத் திட்டுவார்.

கடைசிபெஞ்சு:

சரி, தையல் காட்சிக்காக என் வாக்கை வாபஸ் வாங்குறேன். ஆனா ஏஜென்ட் வர்றப்போ ஓட்டிக்கலாம்ல?

பழையகேசட்:

தாராளமா.

அரைடிக்கெட்:

அண்ணே, நன்றி. யகுசா விஷயம் தெரியாமத்தான் முழிச்சிருக்கேன். இன்னைக்கு ராத்திரி பையன் தூங்கினதும் முதல்லேர்ந்து போடுறேன். ரெண்டாம் பாகம்னு ஒண்ணு இருக்காமே, அதையும் சேர்த்து எடுத்து வச்சுக்கவா?

பழையகேசட்:

இருக்கு, ஆனா ஒரே ராத்திரியில ரெண்டையும் போடாதீங்க. முதல் படம் 2004-ல எடுத்து 2010-ல நடக்குற கதை. ரெண்டாவது 2010-ல எடுத்து 2025-ல நடக்குற கதை. தோக்கியோவே ஜீப்ரா சிட்டியா மாறியிருக்கும். காலையிலயும் சாயந்தரமும் அஞ்சு அஞ்சு நிமிஷம் யாரு என்ன குற்றம் பண்ணாலும் கேள்வி இல்லைன்னு ஒரு சட்டம். ரீசா நாகா 'ஜீப்ரா குயின்'னு பாட்டும் ஆட்டமுமா மொத்தப் படத்தையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்காகப் பார்க்கலாம். அந்த வகுப்பறையும் தையலும் அதுல இல்ல. நீங்க முதல்ல முதல் படத்தை முடிங்க, நண்டு வந்ததும் இங்க வந்து சொல்லுங்க.