மாடியில் மண்புழு வளர்ப்பு: உரத்துக்கும் தூண்டிலுக்கும் ஒரே தொட்டி போதுமா?

கொள்ளிடக்கரை (திருச்சி):
வணக்கம். ஸ்ரீரங்கத்தில் மூணாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வடக்குப் பார்த்த பால்கனி, நேர் வெயில் விழாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மாமனார் தூண்டிலோடு கொள்ளிடத்துக்குக் கிளம்பிவிடுவார். மார்கழி வரைக்கும் வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு போடு போட்டால் புழு கிடைக்கும். பங்குனி பிறந்தால் மண் இறுகிவிடும், புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்புறம் மைதா உருண்டைதான். ஜிலேபிக் குஞ்சுகள் அதைக் கொத்திக் கரைத்துவிடுகின்றன, கெளுத்தி சீண்டுவதே இல்லை என்று வீடு வந்து புலம்பல்.

என் மனைவிக்கோ ரோஜாத் தொட்டிகளுக்கு உரம் வேண்டும். சிவப்பு மண்புழு வாங்கி ஒரே தொட்டியில் வைத்து ரெண்டு பேரையும் சமாளிக்கலாமா? சித்திரை வெயில் தாங்குமா? இரைக்கு எடுக்க எடுக்கக் குறைந்துவிடாதா? புழு ஊர்ந்து கீழ் வீட்டுக்குப் போய்விட்டால் வீட்டு ஓனர் எங்களையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்.

வெட்டாறு (தஞ்சாவூர் மாவட்டம்):
தம்பி, ரெண்டு தொட்டி வையுங்கள். உரத் தொட்டியைக் கிளறாமல் விட்டால்தான் உரம் தேறும். இரைத் தொட்டியை வாராவாரம் கிளறியே ஆக வேண்டும். ஒன்றில் ரெண்டையும் செய்தால் மாமனாருக்கும் மருமகளுக்கும் சண்டைதான், ஓ மன்னிக்கவும், அப்பாவுக்கும் மகளுக்கும்.

புழுவும் வேறு வேறு. கடையில் சிவப்பு என்று தருவது பெரும்பாலும் ஐசீனியா ஃபெடிடா. விரல் நீளம்தான் வளரும், சமையலறைக் கழிவை நன்றாகத் தின்னும். தூண்டிலுக்கு ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ். நல்ல தீனி கிடைத்தால் சாண் நீளம் வரும். மூணு துண்டாகக் கிள்ளி முள்ளில் கோர்க்கலாம். முள் முழுக்க மறையக் கோர்த்து, நுனியில் அரை அங்குலம் துடிக்க விடச் சொல்லுங்கள். கெளுத்திக்கும் குறவைக்கும் அந்தத் துடிப்புதான் அழைப்பு. கெண்டைக்குச் சின்ன முள்ளும் முழுச் சிவப்புப் புழுவும் போதும். சிவப்பைக் கிள்ளினால் மஞ்சளாக ஒரு நீர் கசியும், நாற்றம் அடிக்கும். மீன் அதை வெறுக்கும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வாய்க்கால் கெண்டைக்கு அந்த ஆசாரமெல்லாம் இல்லை.

வெயில்தான் உண்மையான எதிரி. தொட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் ரெண்டு ஜாதியும் தாங்காது, சிவப்புக்கு 25 வரைதான் சுகம். கறுப்பு பிளாஸ்டிக் வாளி வேண்டாம். வாயகன்ற மண் தொட்டியில் அடியில் துளை போட்டு, மேலே ஈரச் சாக்கு. தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். உள்ளே இருப்பதை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினால் ரெண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

சாணி முக்கியம். பச்சைச் சாணி சூடு, புழு வெந்துவிடும். பதினைந்து நாள் நிழலில் ஆறியது போடுங்கள். பால்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்: மாட்டுக்குச் சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தாரா? அந்தச் சாணி மண்புழுவையும் கொன்றுவிடும். இதை யாரும் சொல்வதில்லை. தேங்காய் நார்க்கழிவு போடுவதானால் ரெண்டு மூணு தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுப் போடுங்கள்.

குறைந்துவிடுமா என்றால், உடம்பில் பட்டை விழுந்ததுதான் வளர்ந்த புழு, முட்டைக்கூடு வைப்பது அதுதான். கூடு கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, மஞ்சளாக இருக்கும். ஒரு கூட்டுக்குள் ரெண்டு மூணு குட்டி இருக்கும், பொரிய மூணு வாரம் ஆகும். பட்டை விழுந்ததில் பாதியை விட்டுவிட்டு எடுத்தால் தொட்டி காலியாகாது.

இரைத் தொட்டியை அதிகம் கிளறாமல் எடுக்க ஒரு வழி: தர்பூசணித் தோலைச் சனிக்கிழமை ராத்திரி சதைப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். விடியக்காலையில் தூக்கினால் அடியில் கொத்தாக இருக்கும். வாழைமட்டைக்கும் வரும்.

மாடித்தோட்டக்காரி (மதுரை):
வெட்டாறு ஐயா உரத் தொட்டித் தீனியைச் சொல்லவில்லையே. காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல் போடலாம் அண்ணா. எலுமிச்சைத் தோல், புளிச்சக்கை, ஊறுகாய், மிச்ச சாம்பார் சாதம் கூடவே கூடாது, உப்பும் புளிப்பும் ஆகாது. போட்டதைக் காய்ந்த இலையாலோ கிழித்த செய்தித்தாளாலோ மூடாவிட்டால் பழ ஈ மொய்க்கும். எறும்புக்குத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நாலு செங்கல் வைத்து ஏற்றுங்கள். சாக்பீஸ் மருந்து பக்கத்திலேயே வேண்டாம்.

செம்மண் (திண்டிவனம்):
ஏன் வெளிநாட்டுப் புழு? நம்மூர் பெரியோனிக்ஸும் குப்பை தின்னும். சென்னை புதுக் கல்லூரியில் இருந்த மண்புழு ஆராய்ச்சியாளர் முனைவர் சுல்தான் இஸ்மாயில் நாட்டுப் புழுவை வைத்தே உரம் செய்யலாம் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறார். மழைக்காலத்தில் பழைய எருக்குழி ஓரத்தில் பாருங்கள், காசே வேண்டாம். மிச்ச ஆப்பிரிக்கப் புழுவை ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு வரும் பழக்கமும் நல்லதில்லை.

கொள்ளிடக்கரை:
ரெண்டு தொட்டி என்று முடிவாகிவிட்டது. மாமனார் இப்போதே தர்பூசணி வாங்கி வந்துவிட்டார், பழத்தை நாங்கள் சாப்பிட வேண்டுமாம். ஓனர் விஷயம் மட்டும் பாக்கி. ஊர்ந்து வெளியே வருமா?

வெட்டாறு:
ஆப்பிரிக்கப் புழு வரும், அதுவும் மழை ராத்திரியில். விளிம்பில் நைலான் வலை இழுத்துக் கட்டுங்கள். முதல் ரெண்டு மூணு ராத்திரி மேலே ஒரு பல்பு எரியட்டும், வெளிச்சம் பட்டால் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகும் ஏறினால் தொட்டிக்குள்தான் கோளாறு: தண்ணீர் கட்டியிருக்கும், இல்லை சாணி ஆறியிருக்காது. செம்மண் சொன்னது சரி, மிச்சப் புழுவைத் தொட்டிக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சியில் ஈர நார் வைத்து எடுத்துப் போனால் சாயங்காலம் வரை உயிரோடு இருக்கும். பாலிதீன் பையில் வெயிலில் வைத்தால் பத்து மணிக்கே கூழ்தான். புழுவுக்குப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், கிலோ கணக்கில் தருவார்கள். உங்களுக்கு அரைக் கிலோ தாராளம்.