200 பேருக்கு ஒரு கொம்யூன்: உட்சீரா தனியாக நிற்கலாமா, ஹேகசுண்டோடு சேரவேண்டுமா? (தராசு, கரைவலை, முல்லை, நீர்க்கணக்கு என்ற புனைபெயர்களில் நால்வர் விவாதம்)

தராசு

நோர்வேயில் இன்றைக்கு 357 கொம்யூன்கள், அதாவது உள்ளூராட்சிப் பிரிவுகள். ஆட்தொகையில் எல்லாவற்றிலும் சிறியது உட்சீரா. கரையிலுள்ள ஹேகசுண்டு நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தள்ளி, கடலுக்குள் 6 சதுர கி.மீ. தீவு, சுமார் 200 பேர். இதற்கென்று ஒரு மேயர், ஒரு நிர்வாகப் பணிப்பாளர், ஒரு சபை. 5,000 பேருக்கு உட்பட்ட கொம்யூன் என்றால் சபையில் குறைந்தது 11 பேர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அப்படியென்றால், பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினாலே 18 பேருக்கு ஒரு சபை உறுப்பினர்.

என் நிலைப்பாடு: ஹேகசுண்டோடு சேரவேண்டும். செலவைப் பார்த்துச் சொல்லவில்லை, கடமையைப் பார்த்துச் சொல்கிறேன். ஒஸ்லோவுக்கு விதித்த அதே கடமைகள்தான் உட்சீராவுக்கும்: பாலர் பள்ளி, 10ஆம் வகுப்பு வரை பள்ளி, முதியோர் பராமரிப்பு, தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர், நிலத் திட்டமிடல், சிறுவர் பாதுகாப்பு. மருத்துவர், தாதி, மருத்துவிச்சி, இயன்மருத்துவர், சுகாதாரத் தாதி எல்லோரும் கொம்யூனோடு தொடர்பில் இருக்கவேண்டும். 2020 முதல் உளவியலாளரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். 200 பேர் உள்ள ஊரில் இந்தப் பட்டியலை எப்படி நிரப்புவது?

கரைவலை

தராசு அண்ணை, சட்டம் கேட்கிறது சேவை கிடைக்கவேணும் எண்டுதான். அந்த ஆள் தீவிலேயே முழுநேரம் குந்தியிருக்கவேணும் எண்டு கேட்கேல்லை. பக்கத்துக் கொம்யூனிட்டை ஒரு வேலையின்ரை 10 வீதத்தை ஒப்பந்தத்திலை வாங்கலாம். நாடு முழுக்கச் சின்னக் கொம்யூன்கள் செய்யிறது அதுதான்.

இப்ப நீங்கள் எல்லையை அழிச்சுப்போட்டீங்கள் எண்டு வைப்பம். எது மிச்சம்? படகுக்கு 70 நிமிசம். தீயணைப்பு விதியை எடுங்கோ: முதியோர் இல்லம் மாதிரி இடத்துக்கு 10 நிமிசத்துக்குள்ளை போய்ச் சேரவேணும், மற்றக் குடியிருப்புத் தொகுதிக்கு 20, அதுக்கு வெளியிலை 30. ஹேகசுண்டிலை இருந்து எந்த வண்டியும் அந்த நேரத்துக்குள்ளை வராது. அப்ப தீயணைப்புக் குழு தீவிலைதான் இருக்கவேணும். பள்ளி தீவிலைதான், முதியோர் பராமரிப்புத் தீவிலைதான், தண்ணீர்க் குழாய் தீவிலைதான். இணைப்பு மிச்சம் பிடிக்கிறது கந்தோரிலை கிடக்கிற நாலைஞ்சு மேசையை மட்டும்.

இன்னொண்டு. உட்சீரா ஏற்கெனவே வேறை கொம்யூனோடை சேர்ந்து இருந்ததுதான். 1924 வரைக்கும் தூர்வஸ்தாடுக்குக் கீழை இருந்து பிறகுதான் பிரிஞ்சது. அந்தத் தாய்க் கொம்யூன் 1965இலை கார்மூயோடை கரைஞ்சுபோச்சு. பிள்ளை இன்னும் நிக்குது.

தராசு

மேசையைச் சின்ன விஷயமாகச் சொல்லாதீர்கள் கரைவலை. பிழை நடக்கும் இடமே அதுதான். தண்ணீர்க் குழாய் உடைந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பிழையான கட்டட அனுமதியோ, எழுதாமல் விட்ட சிறுவர் பாதுகாப்புக் கோப்போ யார் கண்ணுக்கும் தெரியாது.

உறவுச் சிக்கலையும் பாருங்கள். நிர்வாகச் சட்டப்படி பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், அதே அளவில் சம்பந்தவழி உறவு வந்தாலே அதிகாரி அந்த விஷயத்திலிருந்து விலகவேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. மேலதிகாரி விலகவேண்டி வந்தால், அவருக்கு நேர்கீழே உள்ளவரும் அதில் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உட்சீரா அளவுக் கொம்யூனில் நிர்வாகப் பணிப்பாளரின் தம்பி ஒரு படகுக் கொட்டகைக்கு விண்ணப்பித்தால், அந்தக் கந்தோரில் கையெழுத்திட ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். விஷயம் சபைக்குப் போகும், அல்லது வெளிக் கொம்யூனில் இருந்து பதில் அதிகாரியை அழைக்கவேண்டும். ஒரு கொட்டகைக்கு ஆறு கிழமை.

முல்லை

தராசு சொல்வது சரி, ஆனால் அது தீர்க்கமுடியாத சிக்கல் அல்ல. அனுபவமுள்ள சின்னக் கொம்யூன்கள் பக்கத்துக் கொம்யூனோடு நிரந்தரப் பதில்-அதிகாரி ஏற்பாட்டை முன்கூட்டியே சபையில் நிறைவேற்றி வைத்திருக்கும். விண்ணப்பம் வந்தபிறகு ஆள் தேடினால்தான் அந்த ஆறு கிழமை. பிழை அளவில் இல்லை, முன்தயாரிப்பில்.

உண்மையான ஆபத்து வேறு. 2022 ஜனவரி 1 முதல், வளர்ப்புக் குடும்பச் செலவுக்கான பொறுப்பு அரசிடமிருந்து பெருமளவுக்குக் கொம்யூன்கள் கைக்கு வந்தது. ஈடாகப் பொது மானியத்தைக் கூட்டினார்கள். அது ஆட்தொகை, வயது போன்ற சூத்திரத்தில் பிரிகிறது. பெரிய கொம்யூனில் இது சராசரியாகச் சமப்பட்டுவிடும். 200 பேர் உள்ள இடத்தில் சராசரி என்று ஒன்றே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளையும் இராது. ஆறாம் வருஷம் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் பராமரிப்புக்கு வந்தால் அந்த வருஷ வரவுசெலவு கவிழ்ந்துவிடும்.

அதைவிடக் கனமானது: முறைப்பாடு கொடுத்தவர் யார், வீடு யாருடையது, விசாரிக்க வந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த ஒரு சேவையை மட்டுமாவது வெளியாள் நடத்தவேண்டும் என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன். 2018 கொம்யூன் சட்டத்தில் "புரவலர் கொம்யூன்" என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. கொம்யூன் தன் தீர்ப்பு அதிகாரத்தையும் சேர்த்துப் பக்கத்துக் கொம்யூனிடம் ஒப்படைக்கலாம்.

நீர்க்கணக்கு

உட்சீராவை மட்டும் வைத்துப் பேசினால் பாதிப் படம்தான். பேர்கனுக்கு வடகிழக்கே மூடாலெனையும் பாருங்கள். அதுவும் 400 பேருக்குக் குறைவு; ஆனால் மலையும் அணையும் இருப்பதால் காசுக் கணக்கே வேறு. தெரியாதவர்களுக்காக, வருஷம் 100 ஜிகாவாட்மணி (10 கோடி கிலோவாட்மணி) தரும் ஒரு நீர்மின் நிலையத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறேன்.

இயற்கைவள வரி: ஒரு கிலோவாட்மணிக்கு 1.1 ஓரே (நோர்வே நாணயமான குரோனரில் நூறில் ஒரு பங்கு) கொம்யூனுக்கு, 0.2 ஓரே மாவட்டசபைக்கு. ஏழு வருஷச் சராசரி உற்பத்தியில் எடுப்பார்கள். கொம்யூன் பங்கு 11 லட்சம் குரோனர். இது கொம்யூன்களுக்கிடையிலான வரிச் சமப்படுத்தலுக்குள் போவதால், பணக்காரக் கொம்யூன் கையில் முழுதாக நிற்காது.

சொத்துவரி: பெரிய நிலையத்தின் பெறுமதிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, கிலோவாட்மணிக்கு 2.74 குரோனர். அதில் ஆயிரத்துக்கு 7 வரை வரி. உச்சத்தில் நின்றால் 27.4 கோடி குரோனர் பெறுமதி, வரி 19 லட்சத்துச் சொச்சம். இது சமப்படுத்தலுக்குள் போகாது, அப்படியே கொம்யூனுக்கு.

மூன்றாவது சலுகைவிலை மின்சாரம். உரிமம் பெற்ற நிலையம் தன் மின்னில் 10 வீதம் வரை கொம்யூனுக்குக் குறைந்த விலையில் தரவேண்டும். ஆனால் கொம்யூன் தன் பொதுப் பாவனைக்குத் தேவையான அளவுக்குத்தான் உரிமை கோரலாம். மிச்சம் மாவட்டசபைக்குப் போய்விடும். ஆட்கள் குறைந்தால் பாவனை குறைவு, பங்கும் குறைவு.

இப்போது தராசு கேட்கும் இணைப்பை இங்கே செய்து பாருங்கள். அணையுள்ள சின்னக் கொம்யூனை ஆட்கள் நிறைந்த கொம்யூனோடு சேர்த்தால் பாவனை கூடும், புதிய கொம்யூன் கோரும் பங்கும் கூடும், மாவட்டசபை இழக்கும். சேமிப்பு என்று ஒன்றும் பிறக்கவில்லை. ஒரு அரச பையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது, அவ்வளவுதான்.

தராசு

நல்ல விளக்கம். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. மூடாலென் தனியாக நிற்பது ஆறு ஓடுவதால். உட்சீராவில் ஆறும் இல்லை, அணையும் இல்லை. அது அரச மானியத்தில் நிற்கிறது. ஒரே சட்டம், ஒரே கடமை, ஆனால் ஒரு பள்ளத்தாக்குக்கு மழை கொடுத்ததைத் தீவுக்குக் கொடுக்கவில்லை. இதை நியாயமான அமைப்பு என்று எப்படிச் சொல்வது?

கரைவலை

மானியம் எண்டு சொல்லேக்கை, இணைஞ்சால் அந்த மானியத்துக்கு என்ன நடக்கும் எண்டும் சொல்லுங்கோவன் அண்ணை. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு கொம்யூனாய் இருக்கிறதுக்கான அடிப்படைத் தொகை இருக்கு. ரெண்டு ஒண்டானால் ஒரு தொகை போச்சு. 2020இலை நாடு முழுக்க நடந்த கொம்யூன் இணைப்பிலை அந்த இழப்பை 15 வருசம் முழுசா ஈடுசெய்து, பிறகு 5 வருசத்திலை படிப்படியாய்க் குறைக்கிறதா ஒழுங்கு. இருபது வருசம் முடிய ஒண்டுமில்லை. அந்த நேரம் ஹேகசுண்ட் சபையிலை உட்சீராப் பள்ளியைப் பற்றி வாக்கெடுத்தால் ஆர் கை தூக்குவினம்?

கணக்காவே பாப்பம். ஹேகசுண்டிலை 38,000 பேர் அளவு. உட்சீராவின்ரை 200 பேர் அதிலை அரை வீதம். அந்த அளவுக் கொம்யூனுக்குச் சட்டம் கேட்கிற குறைஞ்ச இடம் 27. ஒரு இடத்துக்கு ரெண்டரை வீதம் அளவு வேணும். சபையை ரெண்டு மடங்காக்கினாலும் தீவார் தனிப்பட்டியல் போட்டு ஒரு இடமும் எடுக்கேலாது.

1925 தேர்தலை நினைச்சுப் பாருங்கோ. உட்சீராவிலை 12 இடத்திலை 11 பெண்களுக்குக் கிடைச்சது. மருத்துவிச்சி ஆசா ஹெல்கெசன் நோர்வேயின்ரை முதல் பெண் மேயர் ஆனா. தனிக் கொம்யூனாகி ரெண்டு வருசம்கூட ஆகாத இடம் அது. தூர்வஸ்தாடுக்குக் கீழை இருந்திருந்தால் அது நடந்திராது.

முல்லை

வாக்குக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கொம்யூன் தேர்தலில் வேட்பாளருக்கு நேரே தனிவாக்குப் போடலாம். வேறு கட்சிப் பட்டியலில் உள்ளவரின் பெயரையும் உங்கள் சீட்டில் எழுதிச் சேர்க்கலாம். தீவார் தனிப்பட்டியல் போடாமல், ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் தங்கள் ஆள் ஒருவரை ஏற்றி, எல்லோரும் அந்தப் பெயருக்கே தனிவாக்குப் போட்டால் அவர் மேலே ஏற வாய்ப்புண்டு. ஆனால் கட்சி தன் விருப்ப வேட்பாளர்களைத் தடித்த எழுத்தில் போட்டு 25 வீத மேலதிகத் தனிவாக்குக் கொடுக்கும். அந்தத் தடையைத் தாண்டவேண்டும். அதனால் முடியும், ஆனால் ஒவ்வொரு நாலு வருஷமும் உழைக்கவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு குறிப்பு: குடியுரிமை இல்லாவிட்டாலும் தொடர்ந்து மூன்று வருஷம் நோர்வேயில் பதிவில் இருந்தால் கொம்யூன் தேர்தலில் வாக்குரிமை உண்டு. 80களில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மீன் பதனிடும் ஊர்களுக்கு, வார்டோ, போட்ஸ்பியோர்ட் பக்கம், வந்த தமிழர் முதன்முதலில் வாக்களித்ததும் இந்த அடிப்படையில்தான். 200 பேர் உள்ள கொம்யூனில் பத்துக் குடும்பம் வந்து சேர்ந்தால் பள்ளியின் வகுப்புகள் நிரம்பும், வாக்குப் பெட்டியும் மாறும். அகதிகளை ஏற்பதா, எத்தனை பேரை என்பதையும் அந்தச் சபையே தீர்மானிக்கிறது. அரசு கேட்கும், கொம்யூன் பதில் சொல்லும். ஒருவருக்கு ஐந்து வருஷம் அரச மானியம் வரும். ஐந்து வருஷம் முடிய ஒஸ்லோவுக்கோ பேர்கனுக்கோ குடும்பங்கள் கிளம்பிவிடும் என்பதுதான் பின்மார்க்கில் கண்டது. வேலை, அடுத்த தலைமுறைப் படிப்பு, தமிழ்ப் பள்ளி எல்லாம் தெற்கில் இருந்தன.

நீர்க்கணக்கு

சின்னக் கொம்யூனால் புதுமை செய்யமுடியும் என்று யாராவது 2004இன் ஹைட்ரஜன் திட்டத்தைக் கொண்டுவரும் முன் சொல்லிவிடுகிறேன். உட்சீராவில் தலா 600 கிலோவாட் காற்றாலை இரண்டு நிறுத்தி, மிச்ச மின்னில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக அழுத்தி வைத்து, காற்று விழுந்த நேரம் 10 வீடுகளுக்கு அதிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். செய்தது கொம்யூன் அல்ல, நோர்ஸ்க் ஹைட்ரோ, எனெர்கான் என்ற இரண்டு நிறுவனங்கள். வேலை செய்தது. ஆனால் மின்னை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்னாக்கும்போது பாதிக்கு மேல் இழப்பு. 2008இல் சோதனை முடிந்தது. கொம்யூன் கொடுத்தது இடமும், அனுமதியும், அந்தப் பத்து வீட்டாரின் சம்மதமும்.

கரைவலை

அந்த மூண்டும் சின்ன விசயமில்லையே. அதுதான் ஒரு கொம்யூனின்ரை வேலை.

தராசு

சரி, ஒரு இடத்தில் நான் இறங்கி வருகிறேன். தீயணைப்பும் பள்ளியும் தீவிலேயே இருக்கவேண்டும், இணைப்பால் அங்கே ஒரு குரோனரும் மிச்சமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இருவரும் சொல்லும் தீர்வையே எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாதுகாப்பு ஹேகசுண்டிடம், மருத்துவிச்சி ஒப்பந்தத்தில், உளவியலாளர் ஒப்பந்தத்தில், பதில் அதிகாரி ஒப்பந்தத்தில். தீவு மக்கள் தேர்ந்தெடுத்த சபை எதைத் தீர்மானிக்கிறது? சிறுவர் பாதுகாப்பில் தீர்ப்புச் சொல்பவரைத் தேர்தலில் மாற்ற உட்சீரா வாக்காளரால் முடியாது. அவர் வேறு கொம்யூனின் ஊழியர். இணைந்தால் அரை வீதமாவது வாக்கு இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த அரையும் இல்லை.

முல்லை

கூர்மையான கேள்வி. இரண்டு வகைப் புரவலர் ஏற்பாடு உண்டு. ஒன்று வெறும் நிர்வாக ஒப்படைப்பு, அதில் நீங்கள் சொன்ன குறை முழுதாக இருக்கிறது. மற்றதில் பங்கேற்கும் கொம்யூன்களின் சபைகள் தங்கள் உறுப்பினர்களிலிருந்து தெரிந்தெடுக்கும் ஒரு கூட்டுக் குழு தீர்ப்பு அதிகாரத்தை வைத்திருக்கும். உட்சீராவுக்கு அங்கே நாற்காலி கிடைக்கும். ஆனால் கூட்டம், செயலாளர், பயணம் எல்லாம் சேருவதால் பல கொம்யூன்கள் மலிவானதையே எடுக்கின்றன. ஒப்பந்தம் வாசிக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

கரைவலை

அதோடை விலகல் வரியையும் பாருங்கோ. புரவலர் ஒப்பந்தத்திலை இருந்து ஒரு வருச எழுத்து அறிவித்தலோடை வெளியிலை வரலாம். இணைப்பிலை இருந்து? ஹாரம் 2020இலை ஓலசுண்டோடை சேர்ந்து, வெளியிலை வர 2024 ஆச்சு, அதுக்கும் நாடாளுமன்றம் வரைக்கும் போகவேண்டியிருந்தது. சேவையிலை பிழை எண்டால் ஒரு வருசத்திலை கழட்டலாம், எல்லையிலை பிழை எண்டால் கழட்டேலாது.

தராசு

அந்த ஒரு வருட அறிவித்தல் இரண்டு பக்கத்துக்கும் உரியது. ஹேகசுண்ட் அதைக் கொடுத்தால், 12 மாதத்துக்குள் ஒரு சிறுவர் பாதுகாப்புச் சேவையை முழுதாகக் கட்டியெழுப்பவேண்டியது 200 பேர். அதற்கு யார் பெயரில் என்ன ஏற்பாடு என்று சபைத் தீர்மானத்தில் எழுதிவைத்திருக்கும் கொம்யூன் ஒன்றைக் காட்டுங்கள். நான் அந்தத் தீர்மானத்தை வாசித்துவிட்டு வருகிறேன்.