அம்மாயிக்கு ஒரு ஆப்பிள்

ஆங்கிலத்தில் சிறுவர்களுக்கு எழுதிய சி.எஸ். லூயிஸின், நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றிய வரிசையில் ஏழு நாவல்கள், 1950 முதல் 1956 வரை வருஷத்துக்கு ஒன்றாக வந்தவை. அவற்றில் எதை முதலில் படிப்பது என்று வாசகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஏழையும் சேர்த்தே வாங்கினேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. முதல் எண் போட்டிருந்தது 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'. உண்மையில் அது 1955-இல் ஆறாவதாக வந்தது. நார்னியா பிறந்த கதை என்பதால் பிற்காலப் பதிப்புகளில் முன்னால் வைத்துவிட்டார்கள். அதெல்லாம் தெரியாமல் எண்படியே ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் என் அம்மா கோபியில் எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்து மகளுக்குத் தமிழில் சொல்வேன். அம்மா கண்ணை மூடிக் கேட்பார். புது மண்ணில் எறிந்த இரும்புத் துண்டு விளக்குக் கம்பமாக வளர்கிறது, மிட்டாயை ஊன்றினால் மிட்டாய் மரம் வருகிறது என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார். "நம்ம தடப்பள்ளி வாய்க்கா மண்ணாட்ட இருக்குது கண்ணு." ஆயுசெல்லாம் தோட்டத்தில் பாடுபட்டவர்.

கதை அவர் பக்கமே திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. சிறுவன் டிகரியின் அம்மா சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்க வைக்க ஏதாவது தரமுடியுமா என்று அஸ்லான் என்ற சிங்கத்திடம் கேட்டு நிமிர்ந்து பார்க்கிறான்; சிங்கத்தின் கண்ணில் நீர். எனக்குக் குரல் எழவில்லை. "ஏன் நிறுத்திப்போட்ட? மேல சொல்லு" என்றார் அம்மா.

சிங்கம் பறித்துவரச் சொன்ன மாய ஆப்பிளை, சூனியக்காரி ஆசை காட்டியும் டிகரி தன் அம்மாவுக்கென்று திருடாமல் கொண்டுவந்து சிங்கத்திடமே கொடுக்கிறான். அதை ஊன்றி முளைத்த மரத்தின் பழம்தான் அவன் அம்மாவைப் பிழைக்க வைக்கிறது. அவள் தின்ற பழத்தின் விதையை அவன் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றுகிறான்; அந்த மரம் பின்னால் காற்றில் சாய, அதன் பலகையில் ஒரு துணி அலமாரி செய்ய வைக்கிறான். மறுநாள் மகள் ஆப்பிள் நறுக்கச் சொல்லித் தட்டில் எடுத்துப் போனாள். கஞ்சியே இறங்காத அம்மா, பேத்திக்காக இரண்டு துண்டு தின்றார்.

லூயிஸின் தாய் 1908-இல், அவருக்கு ஒன்பது வயதில், புற்றுநோயால் இறந்தவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கங்களைத் தனியாக மறுபடி படித்தேன்.

அம்மா மார்கழியில் போய்விட்டார். தையில்தான் அடுத்த புத்தகத்தை, உண்மையில் முதலில் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'பை, எடுத்தோம். லூசி என்ற சிறுமி நார்னியாவுக்குப் போகும் அந்தத் துணி அலமாரிக்குள் நுழைந்ததும் மகள் என்னை நிறுத்தினாள். "டிகரி நட்ட விதையில வந்து, காத்துல சாய்ஞ்ச மரம்தானேம்மா இது?" வெளிவந்த வரிசையில் படிப்பவர்களுக்கு, காட்டு நடுவில் விளக்குக் கம்பம் ஏன் நிற்கிறது என்ற வியப்பு கிடைக்கும். அது பெரிய சுகம்தான். ஆனால் அந்தப் பலகை எந்த மரத்துடையது என்று தெரிந்தே கதவைத் திறப்பது வேறு. எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அப்புறம் அவள் கேட்டாள்: "அம்மாயி தின்ன ஆப்பிளோட விதைய எங்கம்மா போட்ட?"

எருக்குழியில் கொட்டியிருந்தேன். விடிந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம்.