‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் ஓடியதா, தீர்ந்ததா? கொஞ்சம் சொல்லுங்களேன்

செங்கோட்டைக்காரி:
காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பாவூர்சத்திரம் சந்தையில் எடுக்கிற சரக்கு புளியரை வழியாகக் கேரளத்துப் புனலூருக்குப் போகும். போன வாரம் அங்குள்ள கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டொமேட்டோஸ்’ என்று அனுப்பினார். ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே, சரி, தக்காளியே வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார் போல என்று நினைத்து 20 பெட்டியை லோடிலிருந்து அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் போன். “தீர்ந்நு போயி என்னல்லே பறஞ்ஞது?” (தீர்ந்துபோச்சு என்றுதானே சொன்னேன்?) என்று மலையாளத்தில் கேட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், ஹேவ் வந்தால் ரேன் என்றுதானே இருக்க வேண்டும்?

தென்காசி வாத்தியார்:
அழாதேம்மா, இது பலரும் தடுக்கி விழுகிற இடம். ‘ஆஃப்’புக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார். வீடு, கடை மாதிரி இடம் வந்தால் அதைவிட்டு வெளியே ஓடுவது. தக்காளி, பணம், நேரம் மாதிரி செலவாகிற ஒன்று வந்தால் தீர்ந்துவிட்டது. ‘ஷீ ரேன் அவுட் ஆஃப் த ஹவுஸ்’, வீட்டைவிட்டு ஓடினாள். ‘ஷீ ரேன் அவுட் ஆஃப் மணி’, கையிலிருந்த பணம் தீர்ந்தது. இரண்டாவது கேள்விக்கு, ரன், ரேன், ரன் என்று மூன்றாவது வடிவம் முதலாவதைப் போலவே இருக்கும், கம், கேம், கம் மாதிரி. ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாவதுதான்.

ஆரியங்காவு அண்ணன்:
வாத்தியார் சொன்னதோடு இன்னொன்று. நமக்கு மெஷின் ஓடும், ஆள் அதை ஓட்டுவார், இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் தானாக ஓடினாலும் ஒருவர் ஓட்டினாலும் ரன்தான். அதனால் ‘ஹீ ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடைக்கு ஓடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி, கடை நடத்துகிறார். பைப்பில் தண்ணீர் வருவது, துணியில் சாயம் போவது, தேர்தலில் நிற்பது எல்லாமே ரன்தான். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இந்த ஒரு வினைக்கே 600க்கு மேல் பொருள் கொடுத்திருக்கிறார்கள், மனப்பாடம் பண்ணி முடியாது, கூட வருகிற சொல்லைப் பிடித்துக்கொள்.

செங்கோட்டைக்காரி:
ரொம்ப நன்றி சார், அண்ணே. இப்போதுதான் ‘வீ ஆர் ரன்னிங் லோ ஆன் ஸ்மால் ஆனியன்ஸ்’ என்று வந்திருக்கிறது. இது தீரவில்லை, தீரப்போகிறது, சரிதானே?

தென்காசி வாத்தியார்:
சரியேதான். கையிருப்பு குறைந்துவிட்டது.

செங்கோட்டைக்காரி:
எத்தனை மூட்டை என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். 5 சொன்னார், சாயங்கால வண்டியில் ஏறுகிறது.