லூப் = தொய்வளைவு? (16 மி.மீ. கேமரா கையேட்டுக்கு)

வணக்கம்.

முதல் குறும்படத்துக்குக் குறைந்த செலவில் பழைய ஃபிலிம் கேமரா வாங்குவோருக்கான கையேட்டின் வரைவில் ‘லூப்’ (கேமராவுக்குள் ஃபிலிம் வளைந்து நிற்கும் பகுதி) வரும் இடமெல்லாம் ‘வளையம்’ என்று இருக்கிறது. அது பொருந்தவில்லை. இரு முனையும் சேர்ந்து மூடினால்தான் வளையம். லென்ஸின் மேலேயே குவிய வளையம், துவார வளையம் என்று இரண்டு இருக்கும்போது, ‘வளையத்தைச் சரிபார்க்கவும்’ என்று படிப்பவர் லென்ஸைத்தான் திருகுவார். ‘மடக்கு’ என்பதை நிரல் எழுதுவோர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து பெயர் வரட்டும். பற்சக்கரம் ஃபிலிமை ஒரே சீராக இழுக்கிறது. ஒளிவாயிலில் (லென்ஸுக்குப் பின்னே ஃபிலிமில் ஒளி படும் இடம்) உள்ள நகமோ, அதாவது சிறு கொக்கியோ, விநாடிக்கு 24 தடவை ஃபிலிமின் ஓரத் துளையில் மாட்டி, இழுத்து, நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே ஃபிலிம் கொஞ்சம் தொய்வாக வளைந்து நின்றால்தான் துளை கிழியாமல் ஓடும். ஒளிவாயிலுக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. 1890களில் அமெரிக்காவின் லேத்தம் குடும்பத்தார் பெயரால் ‘லேத்தம் லூப்’ என்று வழங்கியது இதுதான்.

வேலையைச் செய்வது தொய்வு. அதைப் பெயரில் விட்டுவிடக் கூடாது. ‘தொய்வளைவு’ என்று வினைத்தொகையாக வைக்கலாம் என்பது என் கருத்து. வினையாகச் சொல்ல ‘வளைவு விடு’ போதும்.

———

> ‘தொய்வளைவு’ என்று வினைத்தொகையாக வைக்கலாம்

ஐயா, ‘வளையம்’ போகட்டும், அதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ‘தொய்வு’ என்றாலே குறை என்ற நினைப்பு வருகிறது. வியாபாரத்தில் தொய்வு, பணியில் தொய்வு என்றுதானே நாளிதழில் படிக்கிறோம்? புதிதாக வருபவர் இதைப் பழுதின் பெயர் என்று எண்ணி, தொய்வே இல்லாமல் இறுக்கி மாட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ‘நெகிழ்வளைவு’ எப்படி?

இன்னொன்று. சூப்பர் 8 கேமரா (8 மி.மீ. ஃபிலிம்) வாங்குபவருக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது. 50 அடி ஃபிலிம் பெட்டியைச் செருகி மூடினால் வேலை முடிந்தது. ஆகவே இந்தப் பகுதியை 16 மி.மீ. அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

———

இரண்டு கருத்தையும் பார்த்தேன்.

‘நெகிழ்’ வேண்டாம். நெகிழ்வது என்றால் பொருளே மென்மையாகி இளகுவது. இங்கே ஃபிலிம் இளகுவதில்லை, நீளம் கொஞ்சம் மிச்சமாக விடப்படுகிறது, அவ்வளவுதான். கயிற்றைத் தொய்வாக விடு என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தப் பொருள் நாளிதழ்ப் பொருளைவிடப் பழையது, கைக்குப் பழகியது. என் வாக்கு தொய்வளைவுக்கே. பயம் நியாயமானதுதான். அதைப் போக்கக் கையேட்டில் விளக்கம் எழுத வேண்டும், சொல்லை மாற்றத் தேவையில்லை.

விளக்கத்தில் இதைக் கட்டாயம் சேருங்கள். தொய்வளைவு இறுகிவிட்டால் ஒளிவாயிலில் ஃபிலிம் நிற்க வேண்டிய நேரத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். காட்சி மேலும் கீழுமாக இழுபட்டுக் கலங்கும், துளையும் கிழியும். ரிஃப்ளெக்ஸ் கேமராவின் கண்ணாடி லென்ஸ் காண்பதைத்தான் காட்டும், ஃபிலிமைக் காட்டாது. அதனால் வியூஃபைண்டரில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், கழுவி வந்த பிறகுதான் தலையில் இடி விழும். காதைத்தான் நம்ப வேண்டும்: ஓட்டத்தின் ஒலி கரகரவென்று மாறினால் உடனே விசையை விட்டுவிட வேண்டும். வளைவு அளவுக்கு மீறிப் பெரிதானால் வேறு தொல்லை. உட்சுவரில் உரசி, சுருள் நெடுக ஒரே இடத்தில் கோடு விழும்.

விலைக்காகப் பலரும் தேடிப் போவது சோவியத் க்ராஸ்னகோர்ஸ்க்-3. 17-69 ஜூம் லென்ஸ், ரிஃப்ளெக்ஸ், 100 அடிச் சுருள் எல்லாம் ஒரே கருவியில் கிடைப்பதால் குறும்படத்துக்கு நல்ல தேர்வு என்றே சொல்வேன். சாவி கொடுத்தால் விநாடிக்கு 24 சட்டக (ஒரு சட்டகம் என்பது ஒரு படம்) வேகத்தில் ஏறக்குறைய 25 விநாடி ஓடும். சத்தம் அதிகம், ஆகவே வசனத்தை அதோடு சேர்த்துப் பதிவுசெய்ய நினைக்க வேண்டாம். அதன் பெரிய வம்பு, வளைவை உருவாக்கித் தரும் அந்த இரண்டு வழிகாட்டித் துண்டுகள். அவற்றில் ஃபிலிம் உரசிக் கீறல் விழுவதால் பலர் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய கேமராவில் ஃபிலிமைக் கையால்தான் மாட்ட வேண்டும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதையே. பொலெக்ஸ் எச்16-இல் மூடியை மூடியதும் அந்தத் துண்டுகள் தாமாகவே விலகிக்கொள்ளும். பொலெக்ஸுக்கு விலை கூடுதல்தான், ஆனால் முதல் சுருளிலேயே கீறல் வாங்குவதைவிட அது மேல்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை: வீணான 16 மி.மீ. ஃபிலிம் பத்தடி கொண்டுபோய் மாட்டி, மூடியைத் திறந்து வைத்தே 24 வேகத்தில் ஓட்டுங்கள். இரு தொய்வளைவும் எதிலும் படாமல் ஒரே அளவில் துடிக்க வேண்டும். ஓரத்தில் பேனாவால் குறியிட்டு 10 விநாடி ஓட்டினால் 6 அடி போயிருக்க வேண்டும் (அடிக்கு 40 சட்டகம்). குறைந்தால் சுருள்வில் சோர்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் இறுகியிருக்கிறது. பிறகு ஃபிலிமை வெளியே எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், புதுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும்.

கிளைச்சொற்களையும் இப்போதே முடிவுசெய்வோம். லூப் ஃபார்மர் (மேலே சொன்ன வழிகாட்டித் துண்டு): வளைவாக்கி. லூப் போய்விட்டது என்பதற்கு ‘வளைவு இறுகிவிட்டது’. மேல் தொய்வளைவு, கீழ்த் தொய்வளைவு.

சூப்பர் 8-ஐ விட்டுவிடலாம் என்பது சரி. ஆனால் ‘பிரெஷர் பிளேட்’ (ஃபிலிமை ஒளிவாயிலில் அழுத்திப் பிடிக்கும் உறுப்பு) அங்கும் வருகிறது. 16-இல் அது கேமராவின் உலோக உறுப்பு, சூப்பர் 8-இல் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக். ‘அழுத்துதகடு’ என்றால் பிளாஸ்டிக்குக்குப் பொருந்துமா, ‘அழுத்துபலகை’யா? இதற்கு உங்கள் கருத்து வேண்டும்.