குளிர்காலத்தில் மொறிஸ் மைனர்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் வசிக்கும் என்னிடம் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது. யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்ததைப் போன்ற ஒன்று வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது. ஆண்டுக்குச் சில நூறு மைல்களே ஓடும். பனியை உருக்க வீதிகளில் உப்புத் தூவத் தொடங்குமுன், நவம்பரிலேயே, வெப்பமூட்டப்படாத கராஜுக்குள் அதை விட்டுவிடுவேன்.

சென்ற ஆண்டு ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூடிய என் தவறால், ஏப்ரலில் பின்சக்கரம் ஒன்று அசைய மறுத்தது. பிரேக் கட்டை துருவேறி டிரம்மோடு ஒட்டியிருந்ததால், சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டித்தான் விடுவித்தேன். இம்முறை கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவுள்ளேன். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் செய்கிறேன். இக்காலக் கார்களைப் போலன்றி, இந்தக் காரில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், அவசரத்தில் முனைகளை மாற்றிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

என் ஐயங்கள் இரண்டு. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் இயக்குமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். எஞ்சின் முழுமையாகச் சூடேறாமல் நிறுத்தினால் ஓயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வசந்தம் வரை தொடாமலே விட்டவர்கள் உங்களில் உண்டா? அடுத்தது, எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சுவதோடு பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும் என்பதால், தாங்கியை வடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் வெறுமையான இரும்புத் தாங்கி உள்ளே துருப்பிடிக்குமே. நிரப்பி, பெற்றோல் கெடாமலிருக்கும் மருந்து ஊற்றி வைத்தவர்கள், வசந்தத்தில் காபரேற்றர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) எந்த நிலையில் இருந்தது என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.